இரண்டு இடது ஆடுகள்

என் அப்பா ஒரு ஜவுளிக்கடையில் லிப்ட் ஓட்டினார். லிப்டில் ஓட்டுவதற்கு என்ன இருக்கிறது, பொத்தானை அமுக்கினால் அது பாட்டுக்குப் போகாதா என்று கேட்பவர்கள் அந்தக் காலத்து லிப்டைப் பார்த்ததில்லை. அதற்கு ஒரு பித்தளைக் கைப்பிடி இருந்தது. இழுத்துச் சாத்த ஒரு கம்பிக் கதவு இருந்தது. மாடியின் தரைக்கு நேராக நிறுத்தத் தெரியாவிட்டால் வாடிக்கையாளர் ஒரு சாண் குதித்து இறங்க வேண்டும். அப்பா தரைக்கு நேராக நிறுத்துவார். அந்த ஒரு விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

மற்ற விஷயங்களில் தாராளமாகச் சொல்லலாம். துணி வாங்க வந்தவர்களை அவர் சிப்பாய்களாக்கி நிறுத்தினார்.

"குட்டையா இருக்கறவங்க முன்னாடி. நெட்டையா இருக்கறவங்க பின்னாடி. பையை காலுக்கு நடுவுல வைங்க. வாசலைப் பாத்து நில்லுங்க."

கடை முதலாளி ஏறினாலும் இதே அதட்டல்தான். முதலாளி குள்ளம். ஆகவே தன் சொந்தக் கடையில், தன் சொந்த லிப்டில், கம்பிக் கதவில் மூக்கை ஒட்டிக்கொண்டு மேலே போவார். ஏன் அப்பாவை வேலையைவிட்டுத் தூக்கவில்லை என்றால் அதற்குக் காரணம் உண்டு. அப்பா லிப்டில் யுத்தக் கதை சொல்வார். முதல் மாடிக்குப் போகிறவர்களுக்கு ஒரு சின்னத் துப்பாக்கிச் சண்டை. நடு மாடிக்கு ஒரு முற்றுகை. உச்சி மாடிவரை போகிறவர்களுக்குத்தான் முழு யுத்தம். குழந்தைத் துணி வாங்க வந்த பெண்கள் எதிரி பாலத்தைத் தகர்த்தானா இல்லையா என்று தெரிந்துகொள்வதற்காக உச்சி மாடிவரை போய், போனதுதான் போனோம் என்று திரைச்சீலை வாங்கிக்கொண்டு இறங்கினார்கள். உச்சி மாடியில் வியாபாரம் ஏறிக்கொண்டே போனது. முதலாளி மூக்கைப் பிடித்துக்கொண்டு பொறுத்துப் போனார்.

அப்பாவைத் தெரிந்த எல்லோரும் அவரைப் 'பட்டாளம்' என்றுதான் கூப்பிட்டார்கள். ஆனால் எந்தப் பட்டாளம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். எதிர்க்கடைத் தையல்காரருக்குப் பீரங்கிப் படை. முடிவெட்டுகிறவருக்குக் குதிரைப் படை. ஒரு தடவை என்னிடம் நீர்மூழ்கிக் கப்பல் என்றார்.

"போன வாரம் குதிரைன்னு சொன்னீங்களேப்பா?"

"குதிரைய கப்பல்ல ஏத்திட்டுப் போனோம்."

"நீர்மூழ்கிக் கப்பல்லயா?"

"அதெல்லாம் ராணுவ ரகசியம். உனக்குத் தெரியாதுங்கறதுதான் அதுக்கு அத்தாட்சி."

இப்படிப்பட்ட மனிதரோடு வாதாடி ஜெயிக்க முடியாது. அம்மா முயற்சிகூடச் செய்ததில்லை. அவர் அளப்பதைக் காதில் வாங்கிக்கொண்டே காய் நறுக்குவாள், கதையில் பிணம் விழும் இடத்தில் மட்டும் "சாப்பிடற நேரத்துல வேண்டாம்" என்பாள். உண்மையில் அப்பாவின் யுத்தங்களில் பிணம் விழுந்ததே இல்லை. எல்லோருக்கும் பசிக்கும், எல்லோருக்கும் வயிற்றுப்போக்கு வரும், எல்லோரும் வீடு திரும்பிவிடுவார்கள்.

வீட்டில் பட்டாளத்தின் அடையாளமாக இருந்தவை இரண்டே இரண்டு பித்தளை வில்லைகள். சட்டைக் காலரில் பக்கத்துக்கு ஒன்றாகக் குத்துவது. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. விடுமுறை நாள் காலையில் அப்பா எலுமிச்சை மூடியும் சாம்பலுமாக உட்கார்ந்து அவற்றைத் தேய்ப்பார். பல்லைக்கூட அவ்வளவு அக்கறையாகத் தேய்த்ததில்லை. தேய்த்து, மூச்சுவிட்டு, துடைத்து, வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு டப்பாவில் போட்டு மூடிவிடுவார். சட்டையில் குத்திக்கொண்டதே கிடையாது. கல்யாணத்தன்றுகூட இல்லை.

"குத்திக்கோங்களேன், அழகா இருக்குமே" என்று அம்மா புதுசில் கேட்டிருக்கிறாள்.

"பெருமை அடிச்சுக்கறது எனக்குப் பிடிக்காது" என்றாராம். இதைச் சொன்ன வாய் எது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் பொத்தான் லிப்ட் வந்ததும் அப்பாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். சில வருஷங்கள் எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில் ஏறி இறங்குகிறவர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு மத்தியானம், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். கதை பாதியில் நின்றதால் கேட்டுக்கொண்டிருந்த பால்காரர் அவரை இரண்டு தடவை தட்டி எழுப்பிப் பார்த்திருக்கிறார்.

அதோடு இந்தக் கதை முடிந்திருக்க வேண்டும். நகராட்சிக்கு வேறு வேலை இருந்திருந்தால் முடிந்திருக்கும்.

பூங்காவில் ஒரு நினைவுச் சுவர் கட்டுவதென்று முடிவு செய்தார்கள். ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போன அத்தனை பேரின் பெயரையும், அவரவர் ரெஜிமெண்டின் கீழே, கல்லில் வெட்டப்போகிறார்களாம். இதற்கென்று ஒரு குழு. குழுவுக்குத் தலைவி எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருக்கும் கேப்டன் மனைவி. கேப்டன் இறந்து வெகுநாளாகிறது, ஆனால் அந்த அம்மாள் இன்னும் பதவியிலிருந்து ஓய்வு பெறவில்லை. தலைமுடியைக்கூட அணிவகுப்புக்குப் போவதுபோல வாரியிருப்பாள். கேப்டன் யுத்தம் முழுவதும் கிடங்கில் போர்வை எண்ணிக்கொண்டிருந்தவர் என்பது அம்மாவின் கட்சி. அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை, வயிற்றெரிச்சல்தான்.

அம்மா கீழே போய் அப்பாவின் பெயரைச் சொன்னாள். நான் பின்னால் நின்றேன்.

"உங்க வீட்டுக்காரரா? அவரு ஜவுளிக்கடைல வாட்ச்மேன் இல்ல?"

"லிப்ட்."

"ஆமாமா, லிப்ட். எந்த ரெஜிமெண்டு?"

முப்பத்துச் சொச்சம் வருஷம் குடும்பம் நடத்திய அம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. பீரங்கியா, குதிரையா, கப்பலா?

"ரெஜிமெண்டு தெரியாம எழுத முடியாதுங்களே" என்றாள் கேப்டன் மனைவி. "ராணுவ ஆபீசுல இருந்த பழைய பதிவெல்லாம் தீப்பிடிச்சு எரிஞ்சு போச்சு. யாரு வேணா வந்து நானும் பட்டாளம்னு சொல்லலாம் இல்லையா? உங்களைச் சொல்லல, பொதுவாச் சொல்றேன்."

பொதுவாகச் சொல்கிறேன் என்று சொல்லி ஒருவரை அறைகிற கலை எல்லோருக்கும் வராது. அம்மாவின் முகம் சிவந்துவிட்டது.

"அவரோட காலர் பேட்ஜ் இருக்கு எங்கிட்ட. கொண்டுவரேன்."

மாடிக்கு வந்து டப்பாவைத் திறந்தோம். அப்போதுதான் அந்த வில்லைகளை முதல்முறையாக உற்றுப் பார்த்தேன். அப்பா தேய்த்த தேய்ப்பில் ஒன்றுமே மிச்சமில்லை. நாலு கால் தெரிந்தது. ஒரு பக்கம் தலை என்று சொல்லக்கூடிய ஒரு மேடு. அம்மா சிங்கம் என்றாள். நான் குதிரை என்றேன். என் கணவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "மேஜை மாதிரி இருக்கு" என்றார். அன்று அவருக்குக் காப்பி கொஞ்சம் தாமதமாகக் கிடைத்தது.

நான் வேலை செய்யும் மருந்துக்கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு கண்ணாடிக்கடைக்காரர் இருக்கிறார். மூக்குக் கண்ணாடி விற்பது அவருக்குப் பொழுதுபோக்கு. நிஜத் தொழில் பட்டாளச் சின்னங்கள் சேர்ப்பது. பிரேம் வைக்கிற இழுப்பறைகளில் பாதிக்கு மேல் பேட்ஜ்தான். நினைவுச் சுவர் குழுவுக்குச் சின்னங்களைப் பார்த்துச் சொல்கிறவரும் அவரே. அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். அவர் வில்லையை வாங்கி ஒரு நொடி பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"யாரு இப்படித் தேய்ச்சது?"

"எங்கப்பா."

"கொலையே பண்ணியிருக்காரு."

"பட்டாளத்துல தேய்க்கச் சொல்லித்தான் பழக்கியிருக்காங்க" என்று அம்மா சண்டைக்குப் போனாள்.

"அது சரிதான்மா. தினமும் தேய்க்கச் சொல்லுவாங்க. தேய்ச்சா தேயும்னு எந்த அதிகாரிக்கும் தோணினதில்ல. நல்ல சிப்பாயோட பேட்ஜ்ல ஒண்ணும் இருக்காது. சோம்பேறியோட பேட்ஜ்லதான் மூக்கும் முழியும் இருக்கும். நான் சேத்து வெச்சிருக்கறது பூரா சோம்பேறிங்களோடதுதான்."

பிறகு வில்லையைத் திருப்பினார். மெல்லிய பித்தளைத் தகட்டை அச்சில் வைத்து அடித்துச் செய்வதால், முன்னால் மேடாக இருப்பதெல்லாம் பின்னால் பள்ளமாக இருக்குமாம். முன்பக்கத்தைத்தான் தேய்ப்பார்கள். முதுகை யார் தேய்க்கப் போகிறார்கள்? மெழுகுவத்தித் துண்டு ஒன்றைச் சூடுகாட்டிப் பிசைந்து பின்பக்கத்துப் பள்ளத்தில் அழுத்தி எடுத்தார். மெழுகில் ஒரு மிருகம் எழுந்து நின்றது. வளைந்த கொம்பு. தாடி. காலடியில் ஒரு பாறை.

"ஆடு" என்றார்.

"ஆடா?" என்றாள் அம்மா. இத்தனை வருஷமாக ஒரு சிங்கத்தோடு வாழ்ந்ததாக நினைத்துக்கொண்டிருந்தவள்.

"மலை ஆடும்மா. ஆடு போட்ட ரெஜிமெண்டு ரெண்டு இருக்கு. சாமான் தூக்கற படைக்கு வெறும் ஆடு. பாறை மேல நிக்கற ஆடுன்னா மலைக் காலாட்படை. சண்டை போடற படை. நல்ல ரெஜிமெண்டு."

சண்டை போடும் படை என்றதும் அம்மாவின் முதுகு நிமிர்ந்தது. கேப்டனின் போர்வைகளை அவள் நினைத்துக்கொண்டாள் என்று எனக்குத் தெரியும். கடைக்காரர் அடுத்த வில்லையின் முதுகிலும் மெழுகை அழுத்தினார். இரண்டு மெழுகு ஆடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். போட்டிருந்த கண்ணாடியைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"என்னங்க?" என்றேன்.

"ரெண்டும் ஒரே பக்கம் பாக்குது."

அதனால் என்ன என்பதுபோல நாங்கள் விழித்தோம். அவர் சங்கடத்தோடு விளக்கினார். காலர் பேட்ஜ் ஜோடியாகத்தான் செய்வார்கள். வலது காலருக்கு ஒன்று, இடது காலருக்கு ஒன்று. சட்டையில் குத்தினால் இரண்டு மிருகமும் தொண்டைக்குழியைப் பார்த்து, ஒன்றுக்கொன்று முகம் கொடுத்து நிற்கும். எங்களுடையவை இரண்டுமே இடது காலர் ஆடுகள். ஒரே சட்டையில் குத்தினால் ஒரு ஆடு இன்னொன்றின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

"பட்டாளத்துல யாருக்கும் இப்படிக் குடுக்க மாட்டாங்க. குடுத்தாலும் அணிவகுப்புல நிக்க விடமாட்டாங்க." அவர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "பழைய சாமான் விக்கறவன்கிட்ட விவரம் தெரியாம வாங்கறவங்ககிட்டதான் ரெண்டும் ஒரே பக்கமா இருந்து நான் பாத்திருக்கேன். தப்பா நினைக்காதீங்கம்மா. குழுவுல கேட்டா நான் உள்ளதைத்தான் சொல்லணும்."

அவர் உள்ளதைச் சொன்னார். மறுநாளே கேப்டன் மனைவி படியேறி வந்தாள். எங்கள் வீட்டுக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை. ஆறுதல் சொல்ல வந்தாளாம்.

"மனசுல வெச்சுக்காதீங்க. நிறைய ஆம்பளைங்க இப்படித்தான். உடுப்பு மேல ஒரு ஆசை. என் வீட்டுக்காரர் போன இடத்துல எத்தனை பேரைப் பாத்திருக்கார் தெரியுமா?"

அம்மா அவளுக்குக் காப்பி கொடுத்தாள், சர்க்கரை போடாமல். அவள் போனதும் கதவைச் சாத்திவிட்டு அப்பாவின் நாற்காலிக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். திட்ட ஆரம்பித்தாள். செத்தவரை அப்படித் திட்டி நான் கேட்டதில்லை.

"அவர் விட்ட கதையெல்லாம் கப்சான்னு எனக்குத் தெரியாதா? குதிரை பொய். பாலம் பொய். எல்லாம் தெரியும். பட்டாளத்துல இருந்தாரு பாரு, அது ஒண்ணு நெஜம்னு நினைச்சிருந்தேன். அந்த ஒரு ஆணிலதானே மத்த பொய்யெல்லாம் மாட்டி வெச்சிருந்தாரு. இப்ப ஆணியே இல்லேங்கறாங்க. நான் யாரோட குடும்பம் நடத்தினேன், சொல்லு?"

அவர் பட்டாளத்துக்கே போகவில்லை என்று நானும் நம்பிவிட்டேன். அந்த மனிதர் காயலான் கடையில் பேரம் பேசி இரண்டு ஆடு வாங்கிவந்து, வாழ்நாள் முழுக்க ஊரையே உயரவாரியாக நிறுத்தி அதட்டியிருக்கக்கூடியவர்தான். அவரை எனக்குத் தெரியும். கல்யாணத்தன்றுகூட அதைக் குத்திக்கொள்ளாததற்கு இப்போதுதான் காரணம் விளங்குகிறது என்று நினைத்தேன். விவரம் தெரிந்தவன் எவனாவது பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமே.

அம்மாவுக்குச் சுவரெல்லாம் இரண்டாம்பட்சமாகிவிட்டது. அந்த நாட்களில் அவள் அப்பா சொன்ன சின்னச் சின்ன விஷயங்களைக்கூடச் சந்தேகப்பட ஆரம்பித்தாள். தலைவலி என்று படுத்தாரே, அது தலைவலிதானா? தன்னைப் பெண் பார்க்க வந்தபோது பிடித்துப்போயிற்று என்றாரே, அதுவாவது உண்மையா? மருந்துக்கடையில் எல்லாவற்றுக்கும் மாத்திரை இருக்கிறது, இதற்கு இல்லை.

ஒருநாள் கண்ணாடிக்கடைக்காரரே மருந்துக்கடைக்கு வந்தார். தலைவலி மாத்திரை கேட்டார், வாங்கிய பிறகும் நகரவில்லை.

"உங்கம்மா மூஞ்சி கண்ணுக்குள்ளயே நிக்குதும்மா. அந்த மலைக் காலாட்படைல இருந்தவங்கள்ல ஒருத்தர் இந்த ஊர்ல இன்னும் உசுரோட இருக்காரு. டயர்க்கடை மாடில, இப்பத்தான் மக வீட்டுக்கு வந்து சேந்திருக்காரு. போய் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், அவருக்கு யாரையும் பிடிக்காது."

மிகைப்படுத்தவில்லை. டயர்க்கடை மாடியில் ரப்பர் வாடை தூக்கியடித்த ஓர் அறையில், ஜன்னலோரக் கட்டிலில் அந்தக் கிழவர் உட்கார்ந்து வானொலியைத் திட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மகள் எங்களை உள்ளே விட்டுவிட்டுத் தப்பித்துப் போனாள்.

"எந்தக் குழுவுக்கும் நான் காசு தர்றதா இல்ல" என்றார் எடுத்த எடுப்பில்.

அம்மா இரண்டு வில்லைகளையும் போர்வைமேல் வைத்தாள். கிழவர் குனிந்தார். கையால் தடவினார். ஒன்றைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் துழாவினார், மற்றதையும் துழாவினார். அவருடைய காதுமடல் சிவப்பதை நான் பார்த்தேன்.

"ரெண்டும் இடது" என்றார் மெதுவாக. பிறகு மெதுவாக இல்லை. "ரெண்டும் இடது! எங்கேர்ந்து வந்தது இது?"

"என் வீட்டுக்காரரோடது" என்றாள் அம்மா.

"உன் வீட்டுக்காரனோடது ஒண்ணு. இன்னொண்ணு என்னோடது! திருட்டுப் பய! பக்கத்துக் கட்டில்ல படுத்துக்கிட்டு என் சட்டைலயே கைவெச்ச பய!"

அடித்தொண்டையில் அவர் போட்ட சத்தத்தில் கீழே டயர் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

நடந்தது இதுதான். ஒரு தளபதி முகாமைப் பார்வையிட வருவதாக இருந்தது. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் பக்கத்துக் கட்டில்காரன் தன் வலது காலர் வில்லையைக் கக்கூஸ் குழிக்குள் தவறவிட்டுவிட்டான். குனிந்து கால்சட்டையை அவிழ்க்கும்போது விழுந்ததாம். வில்லை இல்லாமல் அணிவகுப்பில் நின்றால் காவலறையில் போடுவார்கள். குழிக்குள் இறங்க யாருக்குத்தான் மனசு வரும்? கிழவர் காலையில் குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, ஆணியில் மாட்டியிருந்த அவர் சட்டையிலிருந்து ஒன்றை உருவிவிட்டான்.

"வலது பக்கத்துக்கு வேணும்னு வலது கைப்பக்கமா எடுத்திருக்கான், மடையன். சட்டை அவனைப் பாத்துத் தொங்கிட்டு இருக்கு. அவனுக்கு வலது கைப்பக்கம் இருக்கறது சட்டைக்கு இடது காலர். நின்னு யோசிக்க வேண்டாம்? எடுத்தான், குத்தினான், ஓடினான்."

தளபதி வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தாராம். இந்தச் சிப்பாய்க்கு முன்னால் நின்றாராம். கழுத்தின் ஒரு பக்கம் ஆடு தொண்டையைப் பார்க்கிறது. மறுபக்கத்து ஆடு தோள்பட்டையைப் பார்த்து நடையைக் கட்டுகிறது. இந்த ஆடு எங்கே போகிறது என்று தளபதி கேட்டிருக்கிறார். மேய, ஐயா, என்று பதில் சொல்லியிருக்கிறான் அந்த மகானுபாவன். அடுத்தாற்போல ஒற்றை வில்லையோடு இவர் நின்றிருக்கிறார்.

"ரெண்டு பேரையும் ஒரே காவலறைல போட்டாங்க. ஊருக்குப் போக எனக்கு லீவு கிடைச்சிருந்தது. எங்கக்காவுக்குக் கல்யாணம். லீவை ரத்து பண்ணிட்டாங்க. கல்யாணத்துக்குப் போகாம, இந்தப் பய மூஞ்சியைப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். அவன் பாட்டுக்குக் கதை சொல்லிட்டே இருக்கான். குதிரைங்கறான், கப்பல்ங்கறான். காவலுக்கு நின்னவன் உள்ள வந்து உக்காந்து கேட்டுட்டு இருந்தான்! வெளிய விட்டதும் இந்தப் பயல வேற முகாமுக்கு மாத்திட்டாங்க, என் ஆட்டோடயே போயிட்டான்!" கிழவர் மூச்சு வாங்கினார். "கதை நல்லாத்தான் இருந்தது. அது வேற விஷயம்."

குதிரை, கப்பல் என்றதும் எனக்குச் சந்தேகமே இல்லை. என்னையறியாமல் சிரித்துவிட்டேன். ஆனால் அம்மா சிரிக்கவில்லை. ஒரு தடவை ஏமாந்தவள் அடுத்த தடவை அவ்வளவு சீக்கிரம் நம்பமாட்டாள்.

"கதை யாரு வேணா சொல்லலாம்" என்றாள். "பேட்ஜ் யாரு கைக்கு வேணா போயிருக்கலாம். அது அவருதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நான் கைப்பையிலிருந்து அப்பாவின் படத்தை எடுத்து நீட்டினேன். கிழவர் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"எல்லாக் கிழவனும் ஒரே மாதிரிதான் இருக்கான். எனக்குத் தெரிஞ்சவனுக்கு அப்ப மீசைகூட ஒழுங்கா வரல."

அம்மா நாற்காலியைக் கட்டிலுக்கு அருகே இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"பக்கத்துக் கட்டில்ல படுத்திருந்தேன்னு சொல்றீங்களே. அவரு எப்படித் தூங்குவாருன்னு சொல்லுங்க."

என்ன கேள்வி இது என்று நான் நெளிந்தேன். கிழவர் நெளியவில்லை.

"அதை ஏன் கேக்கற? தூக்கத்துல சிரிப்பான். குறட்டைன்னா பரவாயில்ல, எல்லாரும் விடறதுதான். இவன் சிரிப்பான். சத்தமா இல்ல, கிச்சுகிச்சு மூட்டின மாதிரி உள்ளுக்குள்ள குலுங்கிக் குலுங்கி. கட்டிலே ஆடும். அப்புறம் யாருக்கோ சரி சரின்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துப்பான். மொத நாள் நான் பயந்தே போயிட்டேன்."

"நானும்" என்றாள் அம்மா.

அவ்வளவுதான் சொன்னாள். முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். அப்பா தூக்கத்தில் சிரிப்பார் என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் படுத்தவர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம் அது. உலகத்தில் அப்படி இரண்டே பேர்தான் இருந்திருக்கிறார்கள், இருவரும் இப்போது ஒருவர் எதிரில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவைச் சந்தேகப்பட்டதற்காக எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அவர் பண்ணிய காரியத்துக்காக அவரை நாலு அறை விட வேண்டும்போலவும் இருந்தது.

கிழவர் பெண்கள் அழுவதைப் பார்த்துப் பழகாதவர். வானொலியைத் திருகினார், அணைத்தார்.

"செத்துட்டானா?" என்றார்.

அம்மா தலையாட்டினாள்.

"பய, முந்திக்கிட்டான்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "குழுவுல வந்து சொல்றேன், அவன் எங்க படைல இருந்தான்னு. ஆனா ரெண்டு விஷயம். என் ஆடு எனக்கு வேணும். இன்னொண்ணு, உள்ளதைத்தான் சொல்லுவேன். திருடினதையும் சேத்துத்தான் சொல்லுவேன். மூடி மறைச்சுப் பேச என்னால ஆகாது."

"அம்மா, யோசிச்சுச் சொல்லு" என்று அவள் காதில் கிசுகிசுத்தேன். கேப்டன் மனைவியின் முகம் என் கண்முன்னால் வந்தது. மாடிப்படியில் இனி வாழ்நாள் பூராவும் கேட்க வேண்டியிருக்குமே.

"சொல்லுங்க" என்றாள் அம்மா. "சத்தமாவே சொல்லுங்க."

வில்லையை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். கிழவர் இரண்டையும் மாற்றி மாற்றித் தடவிவிட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, "இதுதான் என்னோடது" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். எனக்குத் தெரியாதா என்று அதட்டினார். அவருக்குத் தெரியாது. அப்பா இரண்டையும் ஒரே மாதிரி மொழுக்கென்று தேய்த்து வைத்திருந்தார், திருடினதைத் தன்னுடையதைவிடக் குறைவாகத் தேய்க்கவில்லை.

கேப்டன் மனைவி வெளியூர் போயிருந்த வாரத்தில் கிழவர் குழுவிடம் சொல்ல, அப்பாவின் பெயர் கடைசி ஆளாகக் கல்லில் ஏறிவிட்டது. சுவர் திறப்பு விழா பூங்காவில் நடந்தது. சிப்பாய்களின் குடும்பத்தாருக்கு முன்வரிசை. அம்மாவுக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் கேப்டன் மனைவி. அந்த ரெஜிமெண்டில் உயிரோடு இருப்பவர் என்று கிழவரை மேடைக்கு ஏற்றினார்கள். பழைய சட்டையின் காலரில் இரண்டு வில்லைகள் குத்தியிருந்தார். நகராட்சித் தலைவர் வீரம், தியாகம், தாய்மண் என்று வெகுநேரம் பேசிவிட்டு மைக்கை அவரிடம் கொடுத்தார். இரண்டு வார்த்தை வாழ்த்திப் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பார்கள்.

"இவரு சொன்ன வீரமெல்லாம் நான் பாத்ததில்ல" என்று ஆரம்பித்தார் கிழவர். "நான் பாத்தது ஒரு திருடனை. சுவத்துல எங்க படைக்குக் கீழ கடைசியா ஒரு பேரு இருக்கு பாருங்க, அவன்தான். என் சட்டைல இருந்து பேட்ஜைத் திருடினான். அதையும் உருப்படியாத் திருடத் தெரியாம, தப்பான பக்கத்தைத் திருடினான். அவன் பட்டாளத்துல இருந்தானா இல்லையான்னு சில பேரு கேட்டாங்களாம். பக்கத்துக் கட்டில்ல படுத்தவன் தவிர வேற எவன் என் சட்டையைத் தொட்டிருக்க முடியும்? இருந்தான். என்கூடத்தான் இருந்தான். என்கூடக் காவலறைல உக்காந்திருந்தான். எனக்குக் கல்யாணச் சாப்பாடு போச்சு."

முன்வரிசையில் இருந்தவர்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையில் ஒருவர் சிரித்தார், அப்புறம் பலபேர் சிரித்தார்கள். நகராட்சித் தலைவர் மைக்கை வாங்கக் கையை நீட்டினார். கிழவர் கொடுக்கவில்லை. கேப்டன் மனைவி முகம் சுளித்துக்கொண்டு அம்மாவின் பக்கம் சாய்ந்தாள்.

"என்ன கண்றாவி இது? யாரைச் சொல்றாரு இந்த மனுஷன்?"

அம்மா எழுந்து நின்றாள். கையைப் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தேன், உதறிவிட்டாள். கேப்டன் மனைவிக்கு மட்டும் கேட்டால் போதாது என்பதுபோல, மேடைக்கும் பின்வரிசைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"என் வீட்டுக்காரரைத்தான் சொல்றாரு."